பச்சை அட்டையில் திருநாவுக்கரசு

திருநாவுக்கரசு கர்வப்பட்டுக்கொள்ள வாழ்க்கையில் இரண்டே சங்கதிகள்தாம் இருந்தன. இருபத்தெட்டு வருடமாகக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியிருக்கிறார். அவர் பார்த்துச் சரி சொன்ன சாரத்திலிருந்து ஒருத்தன்கூட விழுந்ததில்லை. அது ஒன்று. மற்றது அவருடைய கையெழுத்து. எல்லாரையும் போல ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பழகிய குண்டு எழுத்தில் முழுப் பெயரையும் தமிழில், நிறுத்தி நிதானமாகப் போடுவார். வங்கியில் பின்னால் நிற்பவர்கள் செருமுவார்கள். செருமட்டும் என்று விட்டுவிடுவார். ஆறாம் வகுப்போடு நின்றுபோன மனிதருக்கு அந்த எட்டு எழுத்துதான் பட்டம்.

மலேசியாவில், ரந்தாவ் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு நடுவே நாலு கிலோமீட்டர் குண்டும் குழியுமாக ஒரு மண்பாதை. அது முடிகிற இடத்தில் மூன்றாம் டிவிஷன் லயம், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகள். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மிச்சமிருப்பவற்றில் ஒன்று திருநாவுக்கரசுவுடையது. அவர் வேலை பார்ப்பது வெளியே, சுங்கை காடுட்டில். மனைவி செல்லம் தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போவதால்தான் வீடு கையில் இருக்கிறது. மூன்று வீடு தள்ளி அவர் தங்கை பஞ்சாலை, அவள் புருஷன் தர்மேந்திரன், இரண்டு பெண் பிள்ளைகள்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது பஞ்சாலைக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினைந்து. தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் முடித்து அனுப்பியது வரைக்கும் எல்லாம் அவர்தான். அவள் புருஷனோடு சண்டை போட்டால், "நான் எங்க பொறந்த வீட்டுக்குப் போறேன்" என்று துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஆவேசமாகக் கிளம்புவாள். மூன்று வீடு நடப்பாள். அங்கே அண்ணன் வீட்டில் டீ குடிப்பாள். சாயங்காலம் தர்மேந்திரன் அசட்டுச் சிரிப்போடு வந்து நிற்பான். லயமே இதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் திருநாவுக்கரசு ஒருநாளும் அவளைத் திரும்பிப் போ என்று சொன்னதில்லை.

சுங்கை காடுட்டில் ஒரு கட்டடக் கம்பெனியின் யார்டில் கூலியாகச் சேர்ந்து, சாரம் கட்டுகிறவராகி, சோதித்துச் சரி சொல்லும் ஆளாகச் சான்றிதழும் வாங்கியிருந்தார். வேலை எளிதாகத் தெரியும். சாரத்தின் ஒவ்வொரு குழாயையும், குழாய்களைச் சேர்த்து முடுக்குகிற ஒவ்வொரு பிடியையும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் ஏணிக்கடியில் ஒரு பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தொங்கவிட வேண்டும். பச்சை தொங்கினால் ஏறலாம், சிவப்பு தொங்கினால் கிட்டேயே போகக்கூடாது. அட்டையில் இருக்கிற பெயரை நம்பித்தான் ஆட்கள் காலைத் தூக்கிவைக்கிறார்கள். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். "இந்தக் கெழவன் ஒரு சாரம் பாக்கறதுக்குள்ள கட்டடமே எழுந்திரும் லா" என்று இளவட்டங்கள் முணுமுணுப்பார்கள்.

அப்போதுதான் அந்த விமான நிலைய வேலை வந்தது. கடல் தாண்டி எங்கோ ஒரு நாடு. பெயர் லயத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. 'ஏர்போர்ட் ஊரு' என்றே சொன்னார்கள். அந்த வேலையைப் பிடிக்கப் பெரிய பெரிய நாட்டுக் கம்பெனிகள் போட்டி போட்டன. கம்பெனி தனியாகப் போய் நின்றால் காவலாளிகூட உள்ளே விடமாட்டான். ஆகவே அரசாங்கம் பின்னால் வந்து நின்றது. அமைச்சர் ஒருவர் முதலாளிகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த நாட்டு அமைச்சரோடு கைகுலுக்கினார். வேலை கெட்டால் நாங்கள் பொறுப்பு என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. மேற்பார்வை பார்க்கிறவர்கள் மலேசியர்களாக இருக்க வேண்டும், கையில் சான்றிதழும் இருபது வருட அனுபவமும் வேண்டும்.

கம்பெனியிலோ முக்கால்வாசி வங்காளதேசத்துக்காரர்கள், நேப்பாளிகள். சாரத்துக்குச் சான்றிதழும் மலேசிய அடையாள அட்டையும் சேர்ந்து ஒரே சட்டைப்பையில் இருந்தது திருநாவுக்கரசு ஒருவரிடம்தான். புராஜெக்ட் மேனேஜர் சுகுமாறன் அவரைக் குளிர்ந்த அறைக்குள் உட்காரவைத்து, யாருடையதோ கழுத்துப்பட்டையை மாட்டிவிட்டுப் படம் எடுத்தான். சுகுமாறனும் தோட்டத்துப் பிள்ளைதான், ஒரு கிராணியின், அதாவது தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவின், மகன். "அண்ணே, ஒங்க பேரு கவர்மெண்ட் பேப்பர்ல போவுது" என்றான். அன்று வீடு திரும்பும் வழியில் திருநாவுக்கரசு மோட்டார் சைக்கிளை நிறுத்தி இரண்டு கட்டு அப்பளமும் ஒரு கோழியும் வாங்கினார்.

வேலை கம்பெனிக்கே கிடைத்தது. தொலைக்காட்சியில் கொடி காட்டினார்கள். தங்கள் பாதைக்குத் தார் போடச் சொல்லிப் பதினோரு வருடமாக மனு எழுதுகிற லயத்து ஜனம், கண் காணாத தேசத்தில் நாம் விமான ஓடுபாதை போடப்போகிறோம் என்று கைதட்டியது. குறை சொல்ல முடியாது. தங்கள் ஆள் ஒருவர் பெயர் அதில் இருந்தது.

தர்மேந்திரனையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் திருநாவுக்கரசுதான். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி வெட்டித் தோள் இறங்கிப்போன ஆள். மூத்தவள் விமலா காலேஜ் வாசலில் நிற்கிறாள். ஒரே சிக்கல், அவனுக்கு உயரம் என்றால் பயம். வெட்டுகிறவன் நிற்பது தரையில், கத்திதானே மேலே போகிறது. "நான் இருக்கேன்ல மாப்ள, நான் பாத்த சாரத்துல நீ தூங்கலாம்" என்று திருநாவுக்கரசு தைரியம் சொல்லி இழுத்தார்.

மருத்துவச் சோதனையில் அவருக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. விமானத்தில் ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். தர்மேந்திரன் பின்வாங்கப் பார்த்தான்.

"நீங்க வராம நான் எங்க மச்சான் போறது? எனக்கு அங்க யாரத் தெரியும்?"

"மொதல்ல போ மாப்ள. சுகர் எறங்குனதும் அடுத்த பிளைட்ல நான் நிக்கிறேன்."

சர்க்கரை இறங்கவில்லை. அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட வேண்டுமென்றால் அரசாங்க அமைச்சுக்கு எழுத வேண்டும். எழுதினால் வேறு ஆள் எங்கே என்று கேட்பார்கள். ஆள் கிடையாது. கம்பெனி எழுதவில்லை.

அதற்குப் பதிலாக ஒருநாள் ஆபீஸ் பெண் நூருல் ஐம்பது பச்சை அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து கேண்டீன் மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"நான் பாக்காத சாரத்துக்கு எப்படிம்மா?"

"கவர்மெண்ட் ஃபைலுக்கு லா அங்கிள். பாஸ் சொன்னாரு."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராணி பென்சிலால் குறி போட்டால் அங்கே கைவைப்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு எலும்போடு ஊறிய பழக்கம். சம்பளத்துக்குக் குறி, வீட்டுக்குக் குறி, பிள்ளை பிறந்ததற்குக் குறி, பிணம் எடுக்க லாரி கேட்பதற்கும் குறி. என்ன எழுதியிருக்கிறது என்று எவனாவது கேட்டால் கிராணி நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு அவன் பேரப்பிள்ளைகூடக் கேட்காது. திருநாவுக்கரசு ஒரு குழாயை மூன்று தடவை தட்டிப் பார்க்கிற மனிதர். குறியைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார். ஐம்பது அட்டையிலும் முழுப் பெயரை அழகாகப் போட்டார். அடுத்த மாதம் இன்னும் ஐம்பது வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. அட்டைகள் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரியாது என்றால் அது பொய். தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவும்போது தர்மேந்திரன் கைபேசியில் வீடியோவில் அழைத்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"மச்சான், இங்க பாருங்க, யாரு தொங்குறாருன்னு!" கைபேசியைத் திருப்பினான். ஓர் ஏணிக்கடியில் பச்சை அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குண்டு குண்டாக எட்டு எழுத்து. "இந்த நாட்டுலயே இதப் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நாளைலருந்து என்னை மேல கூரைக்குப் போவச் சொல்றாங்க. நாப்பது அடி. எனக்கு ஏறவே பயமா இருக்கு மச்சான். நீங்க பாத்துட்டுத்தான சைன் வச்சீங்க?"

ஏறாதே மாப்ள என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். திருநாவுக்கரசுவுக்கு அந்த இரண்டு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று, இத்தனை வருடமாக யார் முன்னால் மீசையை முறுக்கினாரோ அவன் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

"ஆபீஸ்ல டிராயிங்லாம் பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றார். "தைரியமா ஏறு."

"அது போதும்" என்றான் தர்மேந்திரன்.

பதினோராவது நாள் அந்தச் சாரம் சரிந்தது. தர்மேந்திரனோடு மூன்று நேப்பாளிகளும் போய்விட்டார்கள். அடியில் பிடி போட வேண்டிய இடங்களில் கம்பியால் கட்டியிருந்ததாக அங்கிருந்த ஒருவன் பிறகு செய்தி அனுப்பினான். புத்தி தெளிவாக இருக்கிற எவனும் அதில் பச்சை அட்டை தொங்கவிடமாட்டான்.

திருநாவுக்கரசு தன் வாழ்நாளில் விமான நிலையத்துக்குப் போனது அப்போதுதான் முதல் தடவை. சரக்கு இறக்குகிற பக்கமாக உள்ளே விட்டார்கள். அங்கேயும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். சவப்பெட்டியைப் பெற்றுக்கொண்டதற்குப் பஞ்சாலை சார்பாக அவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. பெயர் பாதியில் நின்றுவிட்டது. பரவாயில்லை என்றார்கள்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் சுகுமாறன் வந்தான். கூடவே அமைச்சிலிருந்து ஓர் அம்மாள், மலாய்க்காரர், நல்ல மரியாதை தெரிந்தவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து செல்லம் கொடுத்த டீயைக் குடித்தார். பக்கத்து நாட்டில் இன்னொரு விமான நிலையத்துக்கு நம் கம்பெனி போட்டியிடுகிறது, அரசாங்கம் மறுபடியும் துணை நிற்கப் போகிறது, அதற்குள் இந்த விபத்தின் அறிக்கை முடிய வேண்டும் என்று விளக்கினார். பிறகு கோப்பைத் திறந்து நேராகக் கேட்டார். நீங்கள் இங்கிருந்தே வீடியோவில் ஒவ்வொரு சாரத்தையும் பார்த்துத்தானே கையெழுத்திட்டீர்கள்?

அந்த அம்மாளுக்கு உண்மை தெரியாது என்று திருநாவுக்கரசுவுக்குத் தோன்றியது. சொன்னால் எழுதிக்கொள்வார் என்றும் தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் சுகுமாறன் மலாயில் பதில் சொல்லிவிட்டான். ஆமாம், தினமும் பார்ப்பார், ரொம்பக் கவனமான ஆள், அன்றைக்கு அங்கே புயல் காற்று.

அம்மாள் காருக்குப் போனதும் சுகுமாறன் பின்தங்கி, குரலைத் தணித்தான்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்குங்க. வீடியோல பாத்தேன்னு நீங்க எழுதிக் குடுத்தா இது புயல் காத்துல வந்த ஆக்சிடென்ட். நாலு குடும்பத்துக்கும் இன்சூரன்ஸ் வரும். பாக்காம போட்டேன்னு சொன்னீங்கன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். ஒங்க தங்கச்சிக்கு ஒண்ணும் கெடையாது. கவர்மெண்டும் ஒதுங்கிரும், யார்டையே மூடிருவாங்க. காரியம் முடிஞ்சதும் பேப்பர் கொண்டாறேன்."

"நீங்க குடுத்த அட்டைதான தம்பி அது?"

"கையெழுத்து ஒங்களுதுண்ணே" என்றான் சுகுமாறன். அவன் குரலில் கொடுமை எதுவும் இல்லை. அதுதான் திருநாவுக்கரசுவுக்குத் தாங்கவில்லை.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். எழுதிக் கொடுப்பதில்லை. ஜெயிலோ எதுவோ, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது. பணம் போனால் போகட்டும், யார்டு இருக்கும் வரைக்கும் அங்கே உழைத்து, அது போனால் காடோ மேடோ, சாகிறவரை பஞ்சாலையையும் பிள்ளைகளையும் தாங்குவது. ஒன்பது வயதிலிருந்து தாங்கியதுதானே. ஆனால் அதை முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் செருப்பால் அடித்தாலும் அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வேறு யாரிடமும் போவது. அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் பிற்பகல். பிள்ளைகள் கடைக்குப் போயிருந்தார்கள். பஞ்சாலை குசினித் தரையில் உட்கார்ந்து, மறுநாள் படையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அட்டைகளைப் பற்றிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்த அழைப்பைச் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரு ஒன்னக் கேட்டாரா?" என்றாள்.

"கேட்டான்."

"ஏறட்டுமான்னு கேட்டாரா?"

"நான் பாத்துட்டுத்தான் போட்டேனான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

அவர் தரையில் கிடந்த வெங்காயத் தோலை ஒதுக்கினார்.

"சொல்லுண்ணே. அவருகிட்ட சொன்ன மாரியே சொல்லு."

"டிராயிங்லாம் பாத்துட்டுத்தான் போட்டேன். தைரியமா ஏறு."

அவள் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்துக்கா வேறு எதற்கா என்று அவருக்குத் தெரியவில்லை. சுகுமாறன் சொன்னதையும், தான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை என்பதையும் சொல்லி முடித்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எல்லாத்தையும் சொல்லிடறேன் பாப்பா. அவன் ஆத்மாவாச்சும் சாந்தியாவும்."

"நீ சொன்னா எனக்குப் பணம் வராது."

"நான் இருக்கேன்ல..."

"அதையேதான அவருகிட்டயும் சொல்லிக் கூட்டிட்டுப் போன?"

அவள் தட்டை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"விமலாவுக்கு அடுத்த மாசம் காலேஜ். சின்னவளுக்குப் பதிமூணு வயசு. ஒனக்கு மனசு லேசாவறதுக்கு நான் எம்புள்ளைங்கள பட்டினி போடவா? அவங்க சொல்றபடியே எழுதிக் குடு. வாயத் தொறக்காத, செல்லம் அண்ணிகிட்டகூடத் தொறக்காத." எழுந்து வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவள் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலையில் சுகுமாறன் கொண்டுவந்த காகிதத்தில், காரின் முன்மூடியின் மேல் வைத்து, திருநாவுக்கரசு கையெழுத்துப் போட்டார். அதில் குறி இல்லை. எங்கே போடுவதென்று அவரே கேட்டுப் போட்டார்.

காரியம் நடந்தது. புருஷன் செத்தவளுக்குப் பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் தம்பி கையால் வாங்கினால்தான் அவளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று ஊருக்கு அர்த்தம். ராசா டவுனில் வாங்கிய சேலையைத் தட்டில் வைத்து, செல்லம் அவர் கையில் கொடுத்தாள். லயத்து ஜனம், சிரம்பானிலிருந்தும் அம்பாங்கானிலிருந்தும் வந்த சொந்தம், கம்பெனி ஆட்கள், எல்லாரும் கூடாரத்துக்கடியில் இருந்தார்கள். அந்த மூன்று வீட்டுத் தூரம் அவருக்கு நடக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் தட்டைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தார். எறிந்துவிடட்டும் என்றுகூட ஆசைப்பட்டார்.

பஞ்சாலை எறியவில்லை. இரண்டு கையையும் நீட்டிச் சேலையை வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு "என்னப் பெத்த அண்ணே!" என்று அலறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முறைப்படி மாரில் முகம் புதைத்து ஓலமிட்டாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள்.

திருநாவுக்கரசுவின் மனம் ஒரு கணம் ஏமாந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அவள் தலையில் கைவைத்தார்.

அப்போது, அழுகைக்கு நடுவே மூச்சு வாங்குகிற இடைவெளியில், பஞ்சாலை அவர் காதில் பேசினாள். குரலில் அழுகையே இல்லை.

"இதுதான் கடைசி. இனிமே எனக்குப் பொறந்த வீடு கெடையாது. என் வாசல மிதிக்காத." அவள் பிடி இறுகியது. "இப்ப அழு. கம்பெனிக்காரங்க பாக்குறாங்க."

அவர் அழுதார்.